சூலை தீர்த்த சுற்றம்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தி என்றவுடன் ஓர் உயிரும் அதன் இறைவனும் தனித்து நிற்கும் காட்சியே பலர் நெஞ்சில் எழுகின்றது. கோயிலில் கண்மூடி நிற்பவருக்கு அருகில் நிற்பவர் யார் என்பது பொருட்டன்று எனக் கருதுவாரும் உளர். ஆயினும் தமிழில் எழுந்த அடியார் வரலாற்றுப் பெருநூல் இக்கருத்துக்கு இடம் தரவில்லை. பெரியபுராணம் இறைவனைப் பற்றிய நூல் அன்று. இறைவனைச் சூழ்ந்த கூட்டத்தைப் பற்றிய நூல். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அதனைப் பாடியபோது, தனியடியார் அறுபத்து மூவரோடு தொகையடியார் ஒன்பதின்மரையும் சேர்த்தே பாடினார். தொகையடியார் என்போர் ஒரு பெயர்க்கு உரிய ஒருவர் அல்லர்; ஒவ்வொரு தொகையும் ஒரு கூட்டம். கூட்டத்தைக் காப்பிய மாந்தராக்கிய துணிவு இந்நூலின் தனிச்சிறப்பு.

இந்நூலுக்கு வித்தாகிய திருத்தொண்டத்தொகை பிறந்த வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. சுந்தரர் திருவாரூர்க் கோயிலுக்குள் செல்கின்றார். தேவாசிரிய மண்டபத்தில் அடியார்கள் கூடியிருக்கின்றனர். அவர்களை உள்ளத்தால் வணங்கியதன்றி வெளிப்படப் பணியாமல் அவர் இறைவன் திருமுன் செல்ல, விறன்மிண்டர் சினந்து, அவரும் புறம்பு, அவரை ஆண்ட இறைவனும் புறம்பு என விலக்குகின்றார். இறைவனுக்குத் தோழராகிய பெருங்கவிஞர் ஒருவர் கூட்டத்திற்கு வெளியே நிற்கின்றார்! அவர் மீண்டும் உள்ளே வந்தது எதனால்? தம் பெருமையைப் பாடியதனால் அன்று. பிறர் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொருவர்க்கும் தாம் அடியவர் என்று பாடியதனால். கவிஞர்கள் நிறைந்த இவ்வவை எண்ணத்தக்க செய்தி இது.

கூட்டம் ஒருவரை எவ்வாறு ஏற்கின்றது? ஏற்கப்பட்டவரின் நோய் எவ்வாறு தீர்கின்றது? ஏற்கப்படாதவர்க்கு என்ன நேர்கின்றது? இம்மூன்று வினாக்களுக்கும் திருநாவுக்கரசர் வரலாற்றை நடுவாகக் கொண்டு விடை காண முயல்வதே இவ்வுரையின் நோக்கம்.

தமியராய் நின்ற இருவர்

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில் புகழனார்க்கும் மாதினியார்க்கும் பிறந்த மக்கள் இருவர். மூத்தவர் திலகவதியார், இளையவர் மருணீக்கியார். திலகவதியாரைக் கலிப்பகையார் என்னும் படைத்தலைவர்க்கு மணம் பேசினர். மணம் நிகழுமுன் அவர் அரசன் ஆணையால் போருக்குச் சென்றார். இடையில் தந்தை மறைந்தார். தாயும் கணவனோடு உயிர் நீத்தார். பின்னர்ப் போர்க்களத்திலிருந்து கலிப்பகையார் இறந்த செய்தியும் வந்தது. அடுத்தடுத்து நேர்ந்த மூன்று சாவுகளுக்குப் பின் அவ்வீட்டில் எஞ்சியவர் ஓர் இளம்பெண்ணும் ஒரு சிறுவனும்.

திலகவதியார் உயிர்விடத் துணிந்தார். அப்போது தம்பி தமக்கையின் அடிகளில் விழுந்து, தமக்கை இராவிடில் தாம் முன்னரே உயிர் விடுவதாகக் கூறி அழுதார். தம்பிக்காகத் தமக்கை வாழ்ந்திருக்க இசைந்தார். பின்னாளில் தமக்கை தம்பியைக் காத்தார் என்பது நாடறிந்த செய்தி. முதலில் தம்பியே தமக்கையைக் காத்தார் என்பது அத்துணை நினைக்கப்படுவதில்லை. ஒருவர் இருத்தலுக்கு மற்றவர் காரணமாவதே சுற்றம். இருவர் மட்டுமே இருந்த அவ்வீடே பின்னர் விரிந்த பெருங்கூட்டத்தின் முதல் வட்டம் எனலாம்.

ஆயினும் மருணீக்கியாரின் துயரம் ஆறவில்லை. அவர் அறச்சாலைகளும் தண்ணீர்ப் பந்தர்களும் அமைத்தார், சோலை வைத்தார், குளம் தொட்டார், வந்தார்க்கெல்லாம் வழங்கினார். கொடுக்கும் கை நிறைந்திருந்தது. அவரைத் தாங்கும் கை இல்லை. நிலையாமை உணர்வே அவரைச் சமண நெறிக்குச் செலுத்தியது எனச் சேக்கிழார் காட்டுகின்றார்.

பாடலிபுத்திரத்துப் பள்ளி

மருணீக்கியார் சென்று சேர்ந்த இடம் பாடலிபுத்திரம். அது இன்றைய கடலூரின் ஒரு பகுதியாகிய திருப்பாதிரிப்புலியூர். அங்கிருந்த சமணப் பள்ளி பெருங்கல்விச் சாலையாக விளங்கியது. சர்வநந்தி என்பார் பிராகிருத மொழியில் இயற்றிய உலோகவிபாகம் என்னும் நூல் கி.பி. 458இல் இங்கே எழுதி முடிக்கப்பட்டது என்பது ஆய்வாளர் கருத்து. மருணீக்கியார் அப்பள்ளியில் கலைகள் பயின்று, தருமசேனர் என்னும் பெயர் பெற்றுத் தலைமை நிலையையும் எய்தினார்.

ஈண்டு நடுவுநிலை வேண்டும். பெரியபுராணம் சைவர் நோக்கில் எழுந்த நூல்; சமணர் பற்றி அது கூறும் கடுஞ்சொற்களை வரலாற்றுத் தீர்ப்பாகக் கொள்ளுதல் பொருந்தாது. உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி என்னும் நான்கு கொடைகளையும் அறமாகக் கொண்ட சமயம் சமணம். தமிழுக்குச் சிந்தாமணியையும் இலக்கணங்கள் பலவற்றையும் அளித்தவர்கள் அச்சமயத்தார். உறவிழந்த ஓர் இளைஞர்க்கு இடமும் பெயரும் கல்வியும் தந்த அப்பள்ளியின் நன்றி மறக்கத்தக்கதன்று.

ஆனால் சூலை நோய் வந்தபோது நிலைமை மாறியது. வயிற்றினுள் நெருப்பெனச் சுழன்ற அந்நோய்க்குத் துறவியர் தாம் அறிந்த மந்திரங்களை ஓதினர், குண்டிகை நீரை மந்திரித்துக் குடிப்பித்தனர், மயிற்பீலியால் தடவினர். நோய் தணியவில்லை. இறுதியில் தம்மால் ஆகாதென அகன்றனர். தருமசேனர் தலைவராக இருந்தார். நோயாளியாக இருக்க அவர்க்கு அங்கு இடமில்லாமற் போயிற்று என இக்காட்சியைப் படிக்கலாம். எந்தச் சமயத்துக் கூட்டத்திற்கும் எந்தக் காலத்துக் கூட்டத்திற்கும் பொருந்தும் எச்சரிக்கை இது. ஒருவர் நலமாக இருக்கும்போது அவரைத் தலைமேல் வைப்பது எளிது. அவர் வலியால் புரளும்போது அருகிருப்பதே அரிது.

அலகும் தோண்டியும்

நோயுற்ற தருமசேனர் தமக்கு உணவு சமைக்கும் பணியாளனைத் தமக்கையிடம் அனுப்பினார். திருவதிகை வீரட்டானத்து நந்தவனத்தின் பக்கம் அவன் திலகவதியாரைக் கண்டு செய்தி உரைத்தான். சமணப் பள்ளிக்குத் தாம் வருவதில்லை எனத் திலகவதியார் மறுத்தார். அச்சொல் கடுமையானது. ஆனால் தம்பி வருவதற்கு அவர் கதவை அடைக்கவில்லை என்பதும் உடன் நோக்கத்தக்கது.

அன்றிரவே தருமசேனர் பாயுடையைக் களைந்தார். குண்டிகையையும் பீலியையும் விடுத்தார். வெண்மையான ஆடை உடுத்து, கைகொடுப்பாரைப் பற்றி ஊன்றி, பிறர் அறியாதபடி நடந்து திருவதிகை சேர்ந்தார். பெரும் புலமை பெற்ற ஒருவர், தாமே நிற்க இயலாமல் யாரோ சிலரின் தோளைப் பற்றி இருளில் நடந்தார். கைகொடுத்த அவர்களின் பெயரைச் சேக்கிழார் சொல்லவில்லை. ஆயினும் குணம் பெறுதல் அக்கைகளிலிருந்தே தொடங்கிவிட்டது.

தமக்கையின் திருமடத்தில் அவர் அடிவீழ்ந்தார். திலகவதியார் சென்றதைக் கேட்டாரல்லர். விட்டுப் போன ஆண்டுகளுக்குக் கணக்குப் பார்த்தாரல்லர். இறைவன் அருளெனச் சொல்லி எடுத்து நிறுத்தித் திருவைந்தெழுத்தை ஓதித் திருநீறு அளித்தார். அதன்பின் அவர் செய்ததுவே இவ்வரலாற்றின் உயிர்நிலை. திருப்பள்ளியெழுச்சிக்கு முன்னரே கோயில் பணிக்காக அலகு, சாணம், தோண்டி ஆகியவற்றை எடுத்துக்கொண்டு தம்பியை உடனழைத்துச் சென்றார். நோய் தீர்ந்த பின் வருக என்று சொல்லவில்லை. தாம் நாள்தோறும் செய்யும் வேலைக்கு, பெருக்கி மெழுகும் அந்த எளிய வேலைக்கு, வலியோடேயே அவரை உடன்கொண்டு சென்றார்.

அங்கேதான் முதற்பதிகம் பிறந்தது. சூலை நீங்கியது. நாவுக்கரசு என்னும் பெயரும் கிடைத்தது. நாவுக்கரசர் ஆனவர் அன்றுமுதல் கையில் ஏந்தியது உழவாரப்படை. கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கும் எளிய கருவி அது. தமக்கை கையில் அலகு. தம்பி கையில் உழவாரம். பாட்டு நாவில் இருக்க, கை மண்ணில் இருந்தது. இறுதிக் காலத்தில் திருப்புகலூரில் அவர் புல் செதுக்கிய இடத்தில் பொன்னும் மணியும் தோன்றியபோது, அவற்றையும் கல்லோடு கல்லாக வாரிக் குளத்தில் எறிந்தார். குணம் பெற்றவர் செய்யும் தொண்டு கூலிக்கு உரியதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

தந்தையான தம்பி

தாயும் தந்தையும் இல்லாத சிறுவர்க்குப் பின்னாளில் வாய்த்த பெயர் அப்பர் என்பது. சீகாழியில் அவரைக் கண்ட ஞானசம்பந்தர் அவ்வாறு அழைத்தார். பிறப்பால் அந்தணராகிய குழந்தை, வேளாளராகிய முதியவரைத் தந்தை என்று விளித்த அவ்வொரு சொல்லில் ஒரு குடும்பமே உருவாயிற்று. பின்னர்த் திருப்பூந்துருத்தியில் அத்தந்தை, கூட்டத்தில் ஒருவராய் மறைந்து புகுந்து, அம்மகனின் சிவிகையைத் தோளில் தாங்கினார். அப்பர் எங்குற்றார் எனச் சம்பந்தர் வினவியபோது சிவிகையின் கீழிருந்தே விடை வந்தது.

திங்களூரில் அப்பூதியடிகள் என்னும் அந்தணர், தாம் காணாத நாவுக்கரசரின் பெயரைத் தம் மக்கட்கும் தண்ணீர்ப் பந்தர்க்கும் குளத்திற்கும் இட்டு வாழ்ந்தார். விருந்தாக வந்த அப்பர்க்கு வாழைக்குருத்து அரியச் சென்ற மூத்த மகன் பாம்பு தீண்டி இறந்தபோது, விருந்து தடைப்படலாகாதெனப் பெற்றோர் அதனை மறைத்தனர். அப்பர் உணர்ந்து பதிகம் பாடி அம்மகனை எழுப்பினார். ஒருவரின் நோயைத் தீர்த்த சுற்றம், அவரைக் கொண்டே மற்றொரு வீட்டின் துயரைத் தீர்க்கின்றது. திருப்புகலூரில் முருக நாயனாரின் மடத்தில் அப்பரும் சம்பந்தரும் சிறுத்தொண்டரும் திருநீலநக்கரும் கூடியிருந்த காட்சியையும் சேக்கிழார் காட்டுகின்றார். முதியவர், இளையவர், படைத்தொழிலில் இருந்தவர், வேள்வி செய்பவர் ஆகியோர் ஒரு கூரையின்கீழ் அளவளாவிய இலக்கிய வட்டம் என்றே அதனைச் சொல்லலாம்.

தாம் ஒருகால் நோயாளியாய்ப் படியேறி வந்ததை அப்பர் மறக்கவில்லை. தொழுநோயால் உடல் அழிந்தவராயினும், புலையராயினும், சிவனுக்கு அன்பராயின் அவரே தாம் வணங்கும் கடவுளர் எனத் தம் தாண்டகத்தில் அவர் பாடினார். கூட்டத்தின் கதவு எவ்வளவு அகலமாக இருத்தல் வேண்டும் என்பதற்கு அவர் வகுத்த அளவு அது.

வேள்வித் தீயும் தில்லைத் தீயும்

இனிக் கசப்பான பகுதியைத் தொடாமல் செல்லுதல் நேர்மையாகாது. அப்பர் வகுத்த அளவுக்குக் கூட்டம் எப்போதும் நடந்ததா?

திருநீலகண்ட யாழ்ப்பாணர் பாணர் குலத்தவர். மதுரைத் திருவாலவாயில் வாயிலில் நின்றே அவர் யாழ் இசைத்தார். இறைவன் அடியார் கனவில் ஆணையிட, அவர்கள் பாணரை உள்ளே கொண்டு சென்றனர். தரையின் ஈரம் யாழைத் தாக்கும் எனப் பொற்பலகையும் இடப்பட்டது. அவரே திருவாரூர்க்கு வந்தபோது அவர் புகுதற்கு வடதிசையில் வேறு வாயில் வகுக்கப்பட்டது. ஒரே கலைஞர்க்கு ஓர் ஊரில் பலகை. மற்றோர் ஊரில் தனி வாயில். இரண்டையும் சேக்கிழார் மறைக்காமல் எழுதியுள்ளார்.

சாத்தமங்கையில் திருநீலநக்கர் என்னும் அந்தணரின் இல்லத்தில் சம்பந்தர் தங்கினார். யாழ்ப்பாணரும் அவர் துணைவியார் மதங்கசூளாமணியாரும் இரவு தங்க இடம் தருமாறு சம்பந்தர் கேட்டபோது, நக்கர் தம் வீட்டின் நடுவே வேள்வித்தீ வளர்க்கும் வேதிகையின் பக்கத்தில் அவர்கட்கு இடம் அமைத்தார். அத்தீ வலஞ்சுழித்து ஓங்கி எழுந்தது. தீட்டென்று அஞ்சி அணையவில்லை. விருந்தினரை வரவேற்பதுபோல் வளர்ந்தது.

தில்லையில் வேறொரு தீ. ஆதனூர் நந்தனார் கோயில்களின் பேரிகைக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் அளித்தவர். அவர் தந்த தோலின் ஓசை கருவறை வரை சென்றது. அவர் வாயிலில் நின்றார். திருப்புன்கூரில் நந்தி விலகியது. அவர் உள்ளே செல்லவில்லை. தில்லையிலோ எல்லையைச் சுற்றிச் சுற்றி வந்து கலங்கினார். இறுதியில் தீயில் மூழ்கி எழுந்து முனிவர் வடிவில் நூலணிந்த மேனியோடு அம்பலம் புகுந்து மறைந்தார் என்கின்றது புராணம். பிற்காலத்தில் கோபாலகிருஷ்ண பாரதியார் இவ்வரலாற்றைக் கீர்த்தனைகளாக்கியபோது, மூலத்தில் இல்லாத பண்ணையுடைமை வேதியரைச் சேர்த்து அக்கொடுமைக்கு ஒரு முகம் தந்தார்.

இவ்விரு தீயையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தல் வேண்டும். நோயுற்ற நாவுக்கரசர் தம் நோயோடே ஏற்கப்பட்டார். நோயில்லாத நந்தனார் தம் உடம்போடு ஏற்கப்படவில்லை. முன்னவர் உள்ளே வந்து குணம் பெற்றார்; பின்னவர் உள்ளே வருவதற்கு அவர் அவராகவே இருத்தலை இழக்க வேண்டியிருந்தது. அன்பால் உருகும் நூல் என்று பெரியபுராணத்தைப் போற்றுவோர் இவ்விடத்தில் உருகுவதோடு நில்லாமல் வெட்கமும் கொள்ளுதல் தகும். 1939 சூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களோடு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். அப்போது எவரும் தீயில் மூழ்க நேரவில்லை. நக்கர் வீட்டு நடுவிடம் பொதுக்கோயிலின் வாயில் வரை வருவதற்கு அத்தனை நூற்றாண்டுகள் தேவைப்பட்டன.

வடலூர் அடுப்பு

திருவதிகைக்கு நெடுந்தொலைவில் இல்லாத, அதே கடலூர் மாவட்டத்து வடலூரில் மூன்றாவது தீ ஒன்று உண்டு. அது அடுப்புத் தீ. இராமலிங்க அடிகள் 1865இல் சன்மார்க்க சங்கத்தை நிறுவினார். வடலூர் மக்கள் எண்பது காணி நிலம் அளித்தனர். 1867 மே 23ஆம் நாள் சத்திய தருமச்சாலை தொடங்கிற்று. அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் காக்கப்பட்டு வருகின்றது. 1872இல் ஞானசபை எழுந்தது. முதலில் எழுந்தது சமையற்கூடம், பின்னரே வழிபாட்டிடம் என்னும் வரிசையைக் கருதுக.

சூலைக்கு முந்தியதும் எல்லார்க்கும் பொதுவானதுமாகிய வயிற்று நோய் பசி. ஞானசபைக்குள் புகுதற்குப் புலால் மறுத்தல் முதலிய நெறிகளை அடிகள் வகுத்தார். கொள்கையால் வேறுபட்டோரைப் புறவினத்தார் எனவும் பிரித்தார். ஆனால் பசி தவிர்த்தலில் அப்பிரிவை அவர் கொள்ளவில்லை. புறவினத்தார்க்கும் உணவிடுக என்றார். கூட்டத்திற்கு நெறி இருக்கலாம். பந்திக்கு எல்லை இருத்தலாகாது. சேக்கிழார் காலத்துக் கூட்டம் தீர்க்காமல் விட்ட சிக்கலுக்கு வடலூர் சோற்றால் விடை சொல்லிற்று.

பட்டியலில் இல்லாதவர்

நிறைவாக ஒன்று. நாவுக்கரசரை மீட்டுத் தமிழுக்குத் தந்த திலகவதியார் அறுபத்து மூவரில் ஒருவர் அல்லர். காரைக்கால் அம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார் என மகளிர் மூவரே அவ்வரிசையில் இடம் பெற்றனர். யாழ்ப்பாணரோடு ஊர்தோறும் நடந்து பாடிய மதங்கசூளாமணியாரும், பிள்ளையின் சாவை நெஞ்சில் புதைத்து விருந்து படைக்க முற்பட்ட அப்பூதியாரின் துணைவியாரும் அவ்வரிசையில் இல்லை. இருளில் கைகொடுத்தவர்களுக்கோ பெயரும் இல்லை. கூட்டத்தைத் தாங்கியவர்கள் கூட்டத்தின் பட்டியலில் இல்லாமற் போவது அன்றும் நிகழ்ந்தது, இன்றும் நிகழ்கின்றது.

ஆயினும் சுந்தரர் தம் தொகையில் ஒரு வாயிலைத் திறந்து வைத்தார். தொகையடியார் ஒன்பதின்மருள் ஒரு பிரிவுக்கு அப்பாலும் அடிச்சார்ந்தார் என்று பெயர். தமிழகத்துக்கு அப்பால் உள்ளவர், அக்காலத்துக்கு முன்னும் பின்னும் உள்ளவர் அனைவரும் அதில் அடங்குவர் என்பது மரபுரை. பெயர் தெரிந்தவரையெல்லாம் எண்ணிய கவிஞர், எண்ணிக்கை முடிந்துவிட்டதென்று ஏட்டை மூடவில்லை. தம் அறிவுக்கு எட்டாதவர்க்கும் ஓர் இருக்கையை ஒழித்து வைத்தார். வெளியே நிறுத்தப்பட்டதன் துன்பத்தைத் தாமே அறிந்தவர்க்கு அவ்வாறு செய்யத் தோன்றியது வியப்பன்று.

பத்தாண்டுகள் கூடிப் பயின்ற ஓர் இலக்கிய வட்டத்திற்குத் திருமுறையும் தொகையும் தரும் அளவுகோல் இதுவே. எத்தனை கூட்டம் நடந்தது, எத்தனை நூல் வெளிவந்தது என்பவை ஆண்டறிக்கையில் இடம்பெறட்டும். வலியோடு வந்த ஒருவர்க்கு இங்கே என்ன வேலை கொடுக்கப்பட்டது? வாயிலில் நின்று பாடிய யாருக்குப் பலகை இடப்பட்டது? யாருக்குத் தனி வாயில் காட்டப்பட்டது? பாய் விரித்து, தேநீர் கொணர்ந்து, கூட்டம் முடிந்தபின் அரங்கைப் பெருக்கியவரின் பெயர் மலரின் எப்பக்கத்தில் உள்ளது? இவ்வினாக்களுக்கு விடை தேடும் வட்டம் அடுத்த பத்தாண்டிலும் வளரும்.

வட்டத்தின் கோடு மூடாதிருக்கட்டும்.